ஊவாவின் இரு ஆட்சிகள்: பதுளை மாவட்டத்தின் நிருவாகமும் மக்களும் பொருள் வாழ்வும்

இலங்கையின் நடுமலைத் தொகுதி கிழக்கு நோக்கி இறங்கும் சரிவிலே, 2,036 மீட்டர் உயர்ந்து நிற்கும் நமுனுகுலை மலையை அண்மையிற் கொண்டு, பதுளு ஓயா வளைந்து ஓடும் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது பதுளை நகரம். பழமையான முதியங்கனை விகாரையும், கதிர்காமத் தேவாலயமும், மேடான இடத்திலே கச்சேரியும், சற்றுத் தாழ்விலே புகையிரத நிலையமும் கொண்ட இந்நகர் ஊவா மாகாணத்தின் தலைநகராகும். நகரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் படிப்படியாக அமைந்த வயல்கள்; அவற்றின் மேலே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலை. இக்காட்சியைக் காண்போர் அதன் அழகையே வியப்பர். ஆயினும் வரலாற்று மாணவன் அங்கே வேறொன்றையும் காண்பான். வயல் இருக்கும் பள்ளத்தில் ஓர் ஆட்சியும், தேயிலை இருக்கும் மேட்டில் மற்றோர் ஆட்சியுமாக, ஒரே மாவட்டத்தினுள் இரு ஆட்சிகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்று வந்தன என்பதே அது.

பதுளை மாவட்டத்தின் பரப்பு 2,861 சதுர கிலோமீட்டர். இது பதுளை, பண்டாரவளை, எல்ல, ஹல்துமுல்லை, ஹாலிஎலை, அப்புத்தளை, கந்தகெட்டிய, லுணுகலை, மகியங்கனை, மீகஹகிவுல, பசறை, ரிதீமாலியத்த, சொரணாதோட்டை, ஊவா பரணகம, வெலிமடை என 15 பிரதேச செயலாளர் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. மகியங்கனையும் ரிதீமாலியத்தவும் வெப்பம் மிக்க தாழ்நிலம். நெல்லே அங்கு முதன்மை. வெலிமடையும் ஊவா பரணகமவும் உருளைக்கிழங்குக்கும் காய்கறிக்கும் பேர்பெற்றவை. பசறை, லுணுகலை, ஹாலிஎலை, பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்லை முதலியன தேயிலைக்கு உரியன. நிலத்தின் உயரம் மாறுந்தோறும் பயிர் மாறுகிறது. பயிர் மாறுந்தோறும் மக்களும், அவர்கள் பேசும் மொழியும், அவர்களை ஆளும் முறையும் மாறுகின்றன. இந்த மாற்றம் எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறியப் பழைய ஊவாவிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

கண்டி அரசர் காலத்தில் ஊவா ஒரு திசாவனி. அரசனால் நியமிக்கப்பட்ட திசாவை ஒருவர் அதனை ஆண்டார். அவருக்குக் கீழே கோறளைத் தலைவர்களும், கிராம ஆராச்சிகளும் இருந்தனர். நிலம் பெற்றவன் அதற்கு ஈடாக அரசனுக்கு ஊழியம் செய்தல் கடமை. அதுவே இராசகாரியம் எனப்பட்டது. மலையரணும் காடும் இந்நாட்டுக்குக் காவலாக விளங்கின. 1630-ஆம் ஆண்டிலே கொன்ஸ்தந்தீனோ டி சா என்னும் போர்த்துக்கேயத் தளபதி பெரும்படையுடன் வந்து பதுளையை எரித்தான். ஆனால் திரும்பும் வழியில் வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவெலவில் அவனும் அவன் படையும் அழிவுற்றனர். கரையோரத்தை ஆண்ட ஐரோப்பியர் மலையை ஆளுவது எத்துணைக் கடினம் என்பதற்கு அப்போர் சான்றாயிற்று.

1815-ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கையால் மலைநாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. இரண்டே ஆண்டுகளில் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் எழுச்சி மூண்டது. பதுளையில் ஆங்கில ஆட்சியின் பிரதிநிதியாயிருந்த சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் 1817-இற் கொல்லப்பட்டார். எழுச்சியை அடக்குமாறு அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொல, தம் மக்கள் பக்கமே சேர்ந்துகொண்டார். தேசாதிபதி பிறவுண்றிக்கின் படைகள் ஊர்களை எரித்தன. கால்நடைகளையும் நெற்களஞ்சியங்களையும் அழித்தன. கெப்பெட்டிப்பொல 1818-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆந் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டார். அதற்குச் சில நாட்களுக்கு முன், நவம்பர் 21-ஆந் திகதி வெளியான பிரகடனம் கண்டித் தலைவர்களின் அதிகாரத்தைக் குறைத்து, அவர்களை ஆங்கில அதிகாரிகளுக்குக் கீழ்ப்படுத்தியது. போரினாலும் பஞ்சத்தினாலும் குடி குறைந்து, குளங்கள் தூர்ந்து, வயல்கள் தரிசாய்க் கிடந்த நாடாகவே ஊவா புதிய ஆட்சிக்குள் நுழைந்தது. பிற்கால ஊவாவின் வரலாற்றை எழுதுவோர் இவ்வெறுமையை மறத்தலாகாது.

1833-இல் கோல்புறூக் குழுவினரின் விதப்புரைப்படி தீவு முழுவதும் ஒரே நிருவாகத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டு, ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது. கண்டி இராச்சியத்தின் பழைய எல்லைகள் கலைக்கப்பட்டன. ஊவா என்ற பெயரில் மாகாணம் எதுவும் அப்போது இருக்கவில்லை. பதுளையில் ஓர் உதவி அரசாங்க அதிபர் இருந்தார். அப்பதவியில் இருந்தோருள் மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பார் பெயர் இன்றும் நினைக்கப்படுகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று அவரைப்பற்றிச் சொல்லப்படும். மலைப்பாதைகள் பலவற்றை அமைத்தவரும் அவரே. 1845-இல் அப்புத்தளையிலே மின்னல் தாக்கி அவர் இறந்தார். பதுளை புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுப்பப்பட்டது. வரி தண்டுதல், வழக்குத் தீர்த்தல், பாதை அமைத்தல் யாவும் அக்காலத்தில் ஓர் அதிகாரியின் கையிலே ஒருங்கே இருந்தன.

பாதை யாருக்காக அமைந்தது? கோப்பிக்காகவே. 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்குரியன என்று கொள்ள வழிசெய்தது. ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த மேட்டுநிலம் இவ்வாறு அரசின் கைக்கு மாறி, அங்கிருந்து தோட்டக்காரர் கைக்குச் சென்றது. பள்ளத்து வயல் கிராமத்தானிடமே இருந்தது. ஆனால் அவன் எட்டிப் பார்க்கும் மேடு அவனுடையதன்று என்றாயிற்று. இதனாலேயே கண்டிக் கிராமத்தான் தோட்டத்தைத் தன் நிலத்தை விழுங்கியதாகக் கருதினான். அத்தோட்டத்திலே உழைக்க வந்தவனோ அந்நிலத்தில் ஒரு சாண் தானும் உரிமையில்லாதவன். நிலத்தை இழந்தவனும், நிலமே பெறாதவனும் அருகருகே வாழ நேர்ந்தமையே ஊவாவின் சமூக வரலாற்றின் கருப்பொருளாகும்.

கோப்பிக்காலத்தில் தொழிலாளர் தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளினின்றும் வந்தனர். கடல் கடந்து மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலைகளுக்குப் பிரிந்து சென்றனர். வழியிலே காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டோர் பலர். கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களில் ஆட்கள் மிகுதியாக வேண்டும். பறிப்பு முடிந்தால் வேண்டியதில்லை. எனவே வந்தவருள் பெரும்பாலோர் மீண்டும் ஊர் திரும்பினர். குடியாக வேரூன்றும் நிலை அப்போது ஏற்படவில்லை.

1869-ஆம் ஆண்டிலே, பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமையில், கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறப் பொடி படர்ந்திருப்பது காணப்பட்டது. உலகக் கோப்பி வரலாற்றையே மாற்றிய இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதல் கண்டறியப்பட்ட இடம் இம்மடுல்சீமையே. பேராதனைப் பூந்தோட்டத்தில் பணியாற்றிய துவைற்ஸ் அந்நோயை ஆராயச் செய்தார். 1880-இல் மார்ஷல் வோட் என்னும் இளைய அறிஞர் இங்கிலாந்திலிருந்து வந்து அஃது ஒரு பூஞ்சணத்தால் உண்டாவது என்று தெளிவாக்கினார். காரணம் தெரிந்தது, மருந்து தெரியவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்டிருந்த இலங்கைக் கோப்பி அழிந்துபோயிற்று. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884-இல் முறிந்தது. சிறிது காலம் சிங்கோனாவை நட்டுப் பார்த்தனர்; அதன் விலையும் வீழ்ந்தது. இறுதியாகத் தேயிலையே நிலைத்தது.

கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியது பயிர் மாற்றம் மாத்திரமன்று. குடிப்பரம்பலின் மாற்றமும் ஆகும். தேயிலைச் செடி ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. கொழுந்தைச் சில நாட்களுக்கு ஒருமுறை தவறாது கிள்ளல் வேண்டும். கிள்ளியதை அன்றே வாட்டி, அரைத்து, காய்ச்சல் வேண்டும். ஆகவே தொழிலாளர் ஆண்டு முழுவதும் தோட்டத்திலேயே இருத்தல் அவசியமாயிற்று. கொழுந்து கிள்ளப் பெண்களே ஏற்றவர் எனக் கருதப்பட்டமையால் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். பருவத்துக்கு வந்தவர் பரம்பரையாக இருப்பவர் ஆயினர். ஊவாவின் மேட்டுநிலத்தில் நிலையான தமிழ்க் குடி உருவானது இவ்வாறே.

தேயிலையின் எழுச்சியோடு நிருவாகமும் புதுவடிவம் பெற்றது. கண்டியிலிருந்து பதுளையை ஆளுவது தொலைவாலும் பாதையின்மையாலும் கடினமாயிருந்தது. 1886-இல், ஆதர் கோர்டன் தேசாதிபதியாயிருந்த காலத்தில், ஊவா தனி மாகாணமாக்கப்பட்டுப் பதுளையிலே அரசாங்க அதிபர் அமர்த்தப்பட்டார். 1893-இல் அம்மாகாணத்தைப் பற்றிய கைந்நூல் ஒன்றை ஹேர்பேட் வைட் என்னும் சிவில் அதிகாரி வெளியிட்டார். இடையே 1890-இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கி, இடைத்தரகரின்றி நேரே தம் கடைகளில் தேயிலை விற்கத் தொடங்கினார். அவர் நின்று தம் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மலைமுகடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

புகையிரதம் இம்மலைமேல் ஏறிய வரலாறும் பொருள் வாழ்வோடு பிணைந்ததே. 1885-இல் நானுஓயாவை அடைந்த பாதை, 1893-இல் அப்புத்தளையையும், 1894-இல் பண்டாரவளையையும் எட்டியது. அங்கிருந்து பதுளை வருவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. 1924-ஆம் ஆண்டிலேதான் பதுளைக்குப் புகையிரதம் வந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் ஆனது. அதில் உருக்கு இல்லை. தெமோதரையிலோ பாதை தன்னைத் தானே சுற்றி இறங்கி, நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் வழியாகச் செல்கிறது. முன்னர் மாட்டுவண்டியில் பல நாட்பட்டுக் கொழும்பு சென்ற தேயிலைப் பெட்டி, இப்போது ஓர் இரவிற் சென்றது. பெட்டி இறங்கிய அதே வழியாகத் தொழிலாளரும் அரிசியும் ஏறி வந்தனர். 1914-இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியபின், மண்டபம் முகாமிற் சோதனை முடிந்த ஆட்கள் கடலையும் மலையையும் சில நாட்களிற் கடந்தனர்.

ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே தனிப்பெயர் உண்டாவதற்குக் காரணம் காற்று. ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலையின் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, உலர்ந்த காற்றாய்க் கணவாய்களின் வழியே ஊவாவுள் இறங்குகிறது. அவ்வுலர்ச்சியிற் கொழுந்தின் வளர்ச்சி தளர்ந்து மணம் செறிகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரையான இப்பருவத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் உயர்ந்த விலை கிடைக்கும். மற்றைய மாதங்களில் மழைக்கேற்ப விளைவு கூடிக் குறையும். விலை உயர்ந்த பருவத்தில் உழைத்த கைக்கும், விலை தாழ்ந்த பருவத்தில் உழைத்த கைக்கும் நாட்கூலியில் வேறுபாடு இருக்கவில்லை என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

இனித் தோட்டத்தின் உள்ளாட்சியை நோக்குவோம். அரசின் வரைபடத்திலே தோட்டம் ஒரு கிராமத் தலைவர் பிரிவின் பகுதி. நடைமுறையிலோ அது தனி நாடு. அதன் தலைவர் துரை. அவருக்குக் கீழே சின்னத்துரை, கண்டாக்கு, கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என்போர் படிமுறையாக இருந்தனர். விடியுமுன் தப்பு ஒலிக்கும். பிரட்டுக்களத்திலே ஆட்கள் கூடுவர். அன்றைய வேலை அங்கே பகிரப்படும். மலைக்குச் சென்றோர் மாலையில் கொழுந்து மடுவத்திலே நிறுத்து ஒப்படைப்பர். குறித்த அளவு நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். பேர் என்பது அங்கே மனிதனின் பெயரன்று. ஒருநாட் கூலியின் அளவு. குடியிருப்பு லயம், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றும் முன்திண்ணையும் ஒரு குடும்பத்துக்கு. அரிசி தோட்டக் களஞ்சியத்திலிருந்து. அதன் விலை கூலியிற் கழிக்கப்படும். குழந்தைக்குப் பிள்ளைக்காம்பரா, நோய்க்குத் தோட்டத்து மருந்துச்சாலை, பிறப்பையும் இறப்பையும் பதிவுக்கு அறிவிப்பதும் துரையின் கடமை. ஒருவன் பிறப்பு முதல் இறப்பு வரை அரசின் முகத்தைக் காணாமலே வாழ்ந்து முடிக்கக்கூடிய ஒழுங்கு அது.

இவ்வொழுங்கின் அச்சாணி கங்காணி. அவனே ஊருக்குச் சென்று முற்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டி வந்தவன். வந்தவர் அவனுக்குக் கடன்காரர். அவனோ தோட்டத்துக்குக் கடன்காரன். வேலைக்கு நிற்கும் ஒவ்வோர் ஆளுக்கும் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. ஓர் ஆட்கட்டு வேறு தோட்டத்துக்கு மாற விரும்பின், அவ்வாட்கட்டின் கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பவரிடம் ஆட்களை விடுவேன் என்று பழைய துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். துண்டோடு ஆள் கைமாறினான். கடனும் வளர்ந்துகொண்டே சென்றது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் இம்முறையைக் கண்டித்துக் குரல் எழுப்பினர். 1921-இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927-ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் சட்டம் ஆகக்குறைந்த கூலிக்கு வழிவகுத்தது. அதன்படி மலைநாட்டு உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என விதிக்கப்பட்டது. கூலி உயர்ந்தது; ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைப்பட்ட வேறுபாடு சட்டத்திலேயே எழுதப்பட்டதும் அப்போதே. அவ்வேறுபாடு நீங்க 1984-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தோட்டம் தனி நாடாக இருந்ததற்கு அரசும் உடன்பட்டிருந்தது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. 1937-இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது, லயங்களில் வாழும் தோட்டத் தொழிலாளர் கிராமச் சபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையிலிருந்து விலக்கப்பட்டனர். கிராமத்துப் பாதை, கிணறு, சந்தை, விளக்கு ஆகியவற்றைத் தீர்மானிக்கும் சபையில் தோட்டத்துக்கு இடமில்லை. 1931-இல் வந்த சர்வசன வாக்குரிமையும் இந்திய வமிசாவளியினருக்குக் குடியிருப்புச் சான்று முதலான தடைகளோடே கிடைத்தது.

அதிகாரத்தில் பங்கு வேண்டும் என்ற எண்ணம் தோட்டத்தினுள்ளேயும் முளைத்தது. 1940-ஆம் ஆண்டிலே மலைநாடெங்கும் வேலைநிறுத்தங்கள் பரவியபோது, பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிந்தெடுத்தனர். துரையும் அச்சபையோடு கலந்தே நடப்பதாக இணங்கினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. எனினும், ஆளப்படுவோர் தம்மை ஆளும் முறையிற் பேச உரிமை கேட்ட நிகழ்ச்சி என்ற வகையில் அது ஊவா வரலாற்றிலே குறிப்பிடத்தக்கது. 1947-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் வென்ற எழுவருள், பதுளைத் தொகுதியிலிருந்து சென்ற எஸ். எம். சுப்பையாவும் ஒருவர்.

அடுத்த ஆண்டே நிலை தலைகீழாயிற்று. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தவர், அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர்கள் என நிறுவக் கேட்டது. பிறப்புப் பத்திரம் என்பதே அரிதாயிருந்த லயத்திலே அதனை எவ்வாறு நிறுவுவது? 1949-ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டம் வேறொரு வழியைத் திறந்தபோதும், தொடர்ந்து குடியிருந்ததற்குப் பத்திரச் சான்று அதற்கும் வேண்டியிருந்தது. அதே ஆண்டில் வாக்குரிமை குடியுரிமையோடு பிணைக்கப்பட்டது. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவ்வெழுவரின் இடங்களில் ஒன்றிலேனும் காங்கிரஸ் உறுப்பினர் தெரிவாகவில்லை. துரையின் பதிவேட்டிலே பெயருள்ளவன் நாட்டின் பதிவேட்டிலே பெயரற்றவன் ஆனான்.

1964-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 9,75,000 பேரை எண்ணிக்கையாற் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் 1974-இல் இருநாட்டுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். இரு தலைவர்களும் கையெழுத்திட்ட அத்தாள் பசறையிலும் நமுனுகுலையிலும் குடும்பங்களைப் பிரித்தது. ஒரு வீட்டில் அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டோடும், தம்பி இலங்கைப் பதிவோடும் நின்றனர். சென்றவருட் பலர் நீலகிரியில், தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தே கிள்ளினர். 1984-இற் கப்பற்சேவை நின்றபின் அப்பயணமும் நின்றது. 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட சட்டங்களே எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கின. 1948-இல் இழந்ததை முழுமையாக மீளப் பெற ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

இதற்கிடையே தோட்டத்தின் உடைமையும் மாறியது. 1972-ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தமும், அதனைத் தொடர்ந்த 1975-ஆம் ஆண்டின் திருத்தமும் தனியார், கம்பனி ஆகிய இருவகைத் தோட்டங்களையும் அரசுடைமையாக்கின. 1973, 1974 ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் இறப்பு பெருகியது. 1983-ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தில் பதுளை நகரத் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 1992-இல் தோட்டங்களின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது; மடுல்சீமை, நமுனுகுலை என்னும் ஊவா மலைப்பெயர்களே அக்கம்பனிகளுட் சிலவற்றின் பெயர்களாயின. நாட்கூலி 2021-இல் 1,000 ரூபாவாகவும், 2024-இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. துரை மாறினார், உடைமையாளர் மாறினார், கொடியும் மாறியது. லயம் மட்டும் பெரும்பாலும் அப்படியே நின்றது.

மக்கட்டொகையின் கணக்கு இவ்வரலாற்றைத் தன் வழியிலே சொல்கிறது. இலங்கை முழுவதிலும் இந்தியத் தமிழர் என எண்ணப்பட்டோர் 1946-இல் 7,80,589 பேர். அன்றைய தொகையில் நூற்றுக்கு ஏறத்தாழப் பன்னிருவர். 1981-இல் அவர்கள் 8,18,656 பேர். நூற்றுக்கு ஐந்தரைப் பேரே. பதுளை மாவட்டத்தில் 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மொத்தம் 8,15,405 பேர். அவர்களுட் சிங்களவர் 5,95,372, இந்தியத் தமிழர் 1,50,484, முஸ்லிம்கள் 44,716, இலங்கைத் தமிழர் 21,880. தம்மை இலங்கைத் தமிழர் என்றே பதிந்துகொள்ளும் மலையகத்தவர் பலர் ஆதலின், இவ்வெண்களைக் கூர்ந்தே வாசித்தல் வேண்டும். அக்கணக்கெடுப்பு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாக வகுத்தது. இருபது ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புடையதாய், பத்துத் தொழிலாளரேனும் குடியிருப்பதாய் உள்ள இடமே தோட்டம். மற்றைய இரண்டும் மக்கள் வாழும் ஊரைக் குறிக்க, மூன்றாவது மட்டும் அவர்கள் வேலை செய்யும் இடத்தைக் குறிப்பதைக் காண்க.

நிருவாகத்தின் கதை இங்கேயும் முடியவில்லை. 1963-இற் கிராமத் தலைவர் பதவி ஒழிந்து கிராம சேவகர் வந்தார். மொனராகலையும் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1987-இன் அரசியலமைப்புத் திருத்தத்தால் மாகாண சபைகளும், 1992-இல் பிரதேச செயலகங்களும் அமைந்தன. ஆயினும் 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணம் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. இப்போது தோட்டத்தார் வாக்களித்தனர், உறுப்பினரையும் தெரிந்தனுப்பினர், அவ்வுறுப்பினரோ தமக்கு வாக்களித்த லயத்துக்குப் பாதை போட இயலாதவராயிருந்தார். 2018-ஆம் ஆண்டிலேதான் இப்பிரிவு திருத்தப்பட்டது. 1937-இல் மூடிய கதவு திறக்க எண்பத்தோராண்டு ஆயிற்று.

இரு ஆட்சிகளின் இடைவெளியில் மனிதர் வீழ்ந்தால் என்னாகும் என்பதைக் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தை காட்டியது. அவ்விடம் மண்சரிவு அபாயமுடையது, மக்களை வேறிடத்திற் குடியமர்த்துக என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஏற்கெனவே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, ஆனால் குடியமர்த்த நிலம் யாருடையது, கடமை யாருடையது என்ற வினாவுக்கு விடை இருக்கவில்லை. நிலம் அரசினது, முகாமை கம்பனியினது, லயம் தோட்டத்தினது, உயிர் மாத்திரமே தொழிலாளியினது. 2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ஆந் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடத்துக்கு அதிகாலையிலே புறப்பட்டுச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் பிழைத்தனர். அவர்கள் திரும்பிவந்தபோது வீடும் பெற்றோரும் இல்லை.

அதன்பின் ஏழு பேர்ச் காணியுடன் தனிவீடு என்னும் திட்டம் முன்னெடுக்கப்பட்டது. இந்திய அரசின் உதவியுடனான வீடுகளும் ஊவாவில் எழுந்தன. 1970-களின் இறுதியிலிருந்து அரசு பொறுப்பேற்ற தோட்டப் பாடசாலைகளிற் கற்றோர் ஆசிரியராயும், எழுதுவினைஞராயும், மருத்துவராயும் வந்துள்ளனர். 2015-ஆம் ஆண்டுத் தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து மலையகத் தமிழர் இருவர் நாடாளுமன்றம் சென்றனர். 2024-ஆம் ஆண்டிலே பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல் தெரிவானார். மலையகத் தமிழ்ப் பெண்கள் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானது அத்தேர்தலிலேயே முதன்முறை. கொழுந்துக் கூடை சுமந்த பெண்களின் வழிவந்த சமூகத்தில் இஃது ஒரு சிறு செய்தியன்று.

ஒரு மாவட்டத்தின் நிருவாகத்தை அளக்க அதன் கச்சேரியின் உயரத்தைப் பார்த்தல் போதாது. அக்கச்சேரியின் கை எதுவரை நீளுகிறது என்பதையே பார்த்தல் வேண்டும். பதுளையிலே அக்கை நெடுங்காலம் தோட்டத்து எல்லைக்கல்லோடு நின்றுவிட்டது. பள்ளத்துக் கிராமத்தான் வயலுக்கு மேலே தன் மேட்டை இழந்தான். மேட்டுத் தொழிலாளி தான் நிற்கும் மண்ணையே பெறாதிருந்தான். தேயிலையின் வருமானமோ இருவரையும் தாண்டிச் சென்றது. காணியுறுதியும், முகவரியும், பிரதேச சபையின் பாதையும் ஒவ்வொரு லயத்துக்கும் சென்றடையும் நாளிலே, வயலும் தேயிலையும் ஒரே ஆட்சியின்கீழ் வந்தன என்று ஊவாவின் வரலாற்றாசிரியன் எழுதக்கூடும். அவ்வரி இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை.